வலது கை வரும்போது

ரெண்டு நிமிஷம்தான் என்கிறாள் மாஸ்டர். அவளுக்கு வயசு இருபத்தாறு, ரெண்டு நிமிஷம் என்பது அவளுக்குத் தலைமுடியை அள்ளி முடிகிற நேரம். எனக்கு ஐம்பத்திரண்டு, என் முழங்கால்கள் ரெண்டும் ஆளுக்கொரு கட்சி. காலை அகட்டு, முழங்காலைத் தளர்த்து, பின்னங்காலின் குதிகால் தரையில் படக்கூடாது, முஷ்டி ரெண்டும் தாடைக்குப் பக்கத்தில், முழங்கை விலாவை ஒட்டி, மூச்சைப் பிடித்து வைக்காதே. இத்தனையையும் நினைவில் வைத்திருக்கிறவன் எந்த நேரத்தில் அடிப்பான் என்று நாலு மாசமாகக் கேட்க நினைக்கிறேன், இன்னும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகால். தூத்துக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி, சாப்பாட்டுக் கூடம். மேஜைகளை மடக்கிச் சுவரோரம் சாத்திவிட்டு நடுவில் நீலப் பாய் விரித்தால் அதுதான் எங்கள் கராத்தே வகுப்பு. நேற்று ஏதோ வரவேற்பு நடந்திருக்கிறது, ரச வாசனை இன்னும் போகவில்லை, காய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்று என் உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூடத்தின் கோடியில் வரிசையாகப் பதினாறு குழாய்கள், அதற்கு மேலே சுவரில் 'கை கழுவும் இடம்' என்று பெரிய எழுத்து. அந்தப் பக்கத்துக்கு முதுகைக் காட்டித்தான் எப்போதும் நிற்பேன். இன்றைக்கு மாஸ்டர் என்னை மாற்றி நிறுத்திவிட்டாள். மூன்றடி தள்ளி, அந்தக் குழாய்களுக்கு முன்னால், சிவப்பு கிளவுஸும் தலைக்கவசமுமாக என் மகள் எப்சிபா நிற்கிறாள். உயரம் பார்த்து ஜோடி சேர்ப்பது மாஸ்டர் வழக்கம். நானும் எப்சியும் ஒரே உயரம் என்பது எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

குனிந்து வணங்குகிறோம். எட்டு மாசத்தில் அவள் என் முகத்தை நேராகப் பார்ப்பது இந்த வணக்கத்தில்தான், அதுவும் வகுப்பு விதி என்பதால். மாஸ்டர் கையைத் தட்டுகிறாள். எப்சியின் இடது கை சட்டென்று வந்து என் கிளவுஸில் பட்டுத் திரும்புகிறது, மறுபடி வருகிறது, இந்தத் தடவை நெற்றியில். வலிக்கவில்லை. நல்ல குத்து, தோளை இறக்கிக் குத்துகிறாள், நான் குத்தினால் தோள் காதுவரை ஏறிவிடுகிறது. என் முறை, நான் அடிக்க வேண்டும், இடது கையால் அவள் கிளவுஸை ரெண்டு தட்டுத் தட்டுகிறேன், மூச்சை இழுக்கிறேன், வலது கையை அனுப்புகிறேன், அது அவள் தோளுக்கு முன்னாலேயே பிரேக் போட்டு நின்றுவிடுகிறது. இந்தக் கை அடிக்கிற கை இல்லை. இருபத்தெட்டு வருஷமாக ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற கை. திரவியம் சார் இருக்காரா, அவரே எடுக்கட்டும், அவர் குத்தினால் தெரியாது என்று காலை ஆறு மணிக்கே வந்து காத்திருக்கிறவர்கள் உண்டு. ரப்பர் கயிற்றைக் கட்டி, கையை மூடிக்கோங்க என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்கிறேன், எத்தனை முஷ்டி பார்த்திருக்கிறேன், கட்டைவிரலை உள்ளே வைத்து மூடுகிறவர்கள் எல்லாம் பயந்தவர்கள், இந்த வகுப்புக்கு வந்த முதல் நாள் நானும் அப்படித்தான் மூடினேன், மாஸ்டர்தான் என் கட்டைவிரலை வெளியே எடுத்துவிட்டாள், இப்படி வைத்து அடித்தால் விரல் முறிந்துபோகும் சார் என்றாள். முழங்கை மடிப்பில் ரெண்டு தட்டு, நரம்பு எழும்பும், மூச்சை இழுத்துக்கோங்க, அந்தப் பக்கம் பாருங்க, லேசா ஒரு கடி, அவ்வளவுதான். சொல்லாமல் ஊசி போட்டதே கிடையாது. சொல்லிவிட்டுப் போட்டால் பாதி வலி குறையும், இது நான் கண்ட உண்மை. ஊசியைப் பார்க்கிறவர்கள், பார்க்காதவர்கள் என்று மனுஷரில் ரெண்டே ஜாதிதான், பத்தில் ஒன்பது பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள், அவர்கள் மூடலாம், நான் மூடினால் என் பிழைப்பு என்ன ஆகும்.

எப்சி பார்க்கிற ஜாதி. ஐந்து வயசில் டைபாய்டு வந்தபோது நான்தான் ரத்தம் எடுத்தேன், அந்தப் பக்கம் பாரு செல்லம் என்றேன், மாட்டேன் என்று ஊசி உள்ளே போவதையும் ரத்தம் ஏறுவதையும் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள், கருப்பா இருக்குப்பா என்று மட்டும் சொன்னாள். அந்தப் பிள்ளைதான். இடது கையை அனுப்புகிறேன், தட்டிவிடுகிறாள், கண் திறந்திருக்கிறது, கவசத்துக்குள் ரெண்டு கண்ணும் நல்லா விழித்திருக்கின்றன. வலது கையைத் தோள் அசையுமளவு மட்டும் அசைக்கிறேன், அனுப்பக்கூட இல்லை, கண் மூடிவிட்டது. இமை ரெண்டும் இறுகி, முகம் லேசாக இடப்பக்கம் திரும்பி, அரை நொடிதான். அந்த அரை நொடியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம். ஜூன் மாசம் ஆரஞ்சு பெல்ட் பரீட்சையில் மதுரையிலிருந்து வந்த பரீட்சைக்காரர் அப்படித்தான் மூன்று தடவை அவளைக் குத்தினார், தாளில் 'கண்' என்று ஒரே வார்த்தை எழுதி வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வருகிறார். இதிலும் போச்சென்றால் விட்டுவிடுகிறேன் மாஸ்டர் என்று எப்சி சொன்னது என் காதில் விழுந்தது. விட்டுவிட்டால் என்ன, பெல்ட் வாங்கி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று லீதியாள் கேட்டாள். அவள் என் மனைவி, அவளுக்குப் பதில் தெரிந்தேதான் கேட்பாள். பெல்ட்டுக்கு இல்லை. வலது பக்கத்திலிருந்து வருகிற எல்லாவற்றுக்கும் என் மகள் ஆயுசு முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருப்பாளே, அதற்கு.

ஜனவரியில் அண்ணன் புது வீடு கட்டி, ஜெபம் வைத்து, பின்பக்கம் பந்தல் போட்டுச் சாப்பாடு போட்டான். பந்தலின் ஓரத்தில் கை கழுவ வாடகைக் குழாய்கள். நான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். சோப்பு எலுமிச்சம்பழ வாசனை. அண்ணன் துண்டை நீட்டினான், பக்கத்துக் குழாயில் எப்சி கை கழுவிக்கொண்டு நின்றாள். ராத்திரி எட்டு மணி பஸ்ஸில் வந்து இறங்குகிற பிள்ளையை யார் வந்து பெண் கேட்பார்கள் என்று அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னான், சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். கேட்கிறவர்கள் கேட்கட்டும் பெரியப்பா, நீங்கள் எங்கள் வீட்டு வாசலில் நின்று மணி பார்க்க வேண்டாம் என்றாள் எப்சி. சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. பாளையங்கோட்டைக்குக் காலேஜ் போய் வருகிற பிள்ளை, எட்டு மணி பஸ்ஸில் வராமல் ஹெலிகாப்டரிலா வருவாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, அப்போதே எனக்குத் தெரியும். எனக்குக் கோபமே வரவில்லை, அதுதான் கேவலம். அண்ணன் என்னைப் பார்த்தான். அவ்வளவுதான், ஒரு பார்வை, நீ என்ன செய்யப்போகிறாய் என்று. அதற்குப் பதிலாக என் கை போயிற்று. ஈரக் கை. ஈரக் கைக்குச் சத்தம் அதிகம். துண்டு ஞாபகம் இருக்கிறது, குழாயில் தண்ணீர் ஓடியது ஞாபகம் இருக்கிறது, யாரோ ஒரு பையன் பாயசக் கப்பை வைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது, சத்தத்துக்கு அப்புறம் அவள் காதைப் பொத்திக்கொண்டு நின்றதும் ஞாபகம் இருக்கிறது. அந்த நொடி மட்டும் இல்லை. கை படுகிற அந்த நொடியில் அவள் முகம் எப்படி இருந்தது என்று எட்டு மாசமாகத் தேடுகிறேன், படுத்தால் தேடுகிறேன், பைக்கில் தேடுகிறேன், எவருக்கோ கயிறு கட்டும்போது தேடுகிறேன், அண்ணன் பார்வை வரைக்கும் வருகிறது, அப்புறம் சத்தம், நடுவில் ஒன்றும் கிடையாது.

அதற்கப்புறம் அவள் என்னோடு பேசாமல் இல்லை, பேசினாள். சாப்பாடு எடுத்து வச்சாச்சு, கேஸ் சிலிண்டர் வந்துச்சு, பைக் சாவி மேஜைல இருக்கு. எல்லாம் பேசினாள், கடைசியில் வருகிற 'ப்பா' மட்டும் போய்விட்டது. லீதியாள் கேட்டாள், அவள் சொன்னது தப்பா என்று. இல்லை என்றேன். அப்புறம் ஏன் என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு லேபுக்குக் கிளம்பிவிட்டேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம், ஒரு வார்த்தைதானே, ஆனால் நம் ஊரில் எந்த அப்பன் பிள்ளையிடம் கேட்டான், நான் புது ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தேன், மக்ரூன் வாங்கி வைத்தேன், மக்ரூன் எறும்பு மொய்த்துப்போயிற்று. ஒரு நாள் டியூப்லைட் மினுக்கியது, ஸ்டூலில் ஏறி ஸ்டார்ட்டரைத் திருக வலது கையைத் தூக்கினேன், ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கண்ணை இறுக்கி மூடினாள். ஸ்டார்ட்டரைத் திருகாமலே கையை இறக்கிக்கொண்டேன். அவளும் பார்த்துவிட்டாள், நான் பார்த்ததை. மறுவாரமே கராத்தே வகுப்பில் சேர்ந்தாள். ஆறு மணிக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு நான் கீழே பைக்கில் உட்கார்ந்திருப்பேன், மூன்று மாசம் உட்கார்ந்தேன், வாராவாரம் அங்கேதானே இருக்கீங்க மேலே வாங்க சார் என்று மாஸ்டர் கூப்பிட்டாள். கார்த்தீஸ்வரி அவள் பெயர், என் மகளைவிட ஆறு வயசுதான் மூப்பு, மாஸ்டர் என்று கூப்பிட முதலில் கூச்சமாக இருந்தது. நான் சேர்ந்ததற்கு எப்சி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. வகுப்பில் யாராக இருந்தாலும் ஜோடிக்குப் பெயர் 'பார்ட்னர்'தான். அது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

கை தட்டுகிற சத்தம். ரெண்டு நிமிஷமும் ஆகவில்லை, மாஸ்டர் நடுவில் வந்து நிற்கிறாள். எனக்கு மூச்சு இரைக்கிறது, நல்லவேளை முடிந்தது என்றுதான் முதலில் தோன்றியது.

"சார், நீங்க சொல்லிட்டு அடிக்கீங்க," என்றாள். "கிளவுஸ்ல ரெண்டு தட்டு தட்டுதீங்க, மூச்ச இழுக்கீங்க, பெறவுதான் கை வருது. ஊசி போடுத மாதிரி."

பக்கத்து ஜோடி சிரித்தது. எப்சி சிரிக்கவில்லை.

"எப்சிக்கு வலது கைதான் பிரச்சனை. எல்லாரும் அவளுக்குப் பாவம் பாக்காங்க, நீங்க அதுக்கு மேல. ரோட்டுல எவனும் சொல்லிட்டு அடிக்க மாட்டான் சார். சொல்லாம ஒண்ணு அடிங்க. முகத்துக்கு. ஒண்ணு போதும்."

ஒரு நிமிஷம் ஓய்வு என்று போய்விட்டாள். ரோட்டில் மட்டுமா, என்று நினைத்துக்கொண்டேன். எப்சி குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிறாள், கிளவுஸோடு குழாயைத் திறக்க முடியாமல் மணிக்கட்டால் தள்ளுகிறாள், முன்பென்றால் நான் போய்த் திறந்துவிட்டிருப்பேன். சொல்லாமல் ஒன்று. சொல்லாமல் அடித்த ஒன்றுதான் இவ்வளவும் என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியுமா, எப்சி சொல்லியிருப்பாளா, தெரிந்துதான் என்னை இந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினாளா, இருக்காது, உயரம், ஒரே உயரம், அவ்வளவுதான். முடியாது என்று சொல்லிவிடலாம். முழங்கால் வலி என்று சொல்லலாம், பொய்யும் இல்லை. சொல்லிவிட்டு அடித்தால் அவள் கண்ணை மூடிக்கொண்டு தயாராக இருப்பாள், அந்தப் பக்கம் பாருங்க என்று நானே சொல்லிக்கொடுத்த மாதிரி, வலி குறையும், ஆனால் கண் திறக்காது, ஊசிக்குச் சரி, இதற்கு இல்லை. சொல்லாமல் அடித்தால், சொல்லாமல் அடித்து அவள் மூடிக்கொண்டால், ஒரே மனுஷன் ஒரே கையால் ஒரே கன்னத்தில் ரெண்டாவது தடவை, அதற்கப்புறம் கேஸ் சிலிண்டர் வந்துச்சு என்றுகூடச் சொல்ல மாட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது. அடிபடுகிறவனுக்குத்தான் பயம் என்று நினைத்திருந்தேன். ஒன்று மட்டும் செய்ய வேண்டும், பார்க்க வேண்டும், இந்தத் தடவை கை போகிற வழியெல்லாம் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இமை அசைந்தால் கையை நிறுத்திவிடலாம், நரம்பு வழுக்கினால் ஊசியை நிறுத்துகிறேனே, அது மாதிரி. நிறுத்தத் தெரியாத கையா இது.

மறுபடி கை தட்டல். முழங்காலைத் தளர்த்து, குதிகாலைத் தூக்கு. அவள் இடது கை, ஒன்று, ரெண்டு, ரெண்டாவது மூக்குக்குப் பக்கத்தில், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பரவாயில்லை. சுற்றி வருகிறோம், இப்போது குழாய்கள் எனக்கு இடப்பக்கம், ரச வாசனை, இல்லை, எலுமிச்சம்பழம், இங்கே எலுமிச்சம்பழ வாசனை எப்படி வரும், துடைத்திருப்பார்கள், தரையைத் துடைத்திருப்பார்கள். என் இடது கை அவள் கிளவுஸைத் தட்டப் போகிறது, பிடித்து நிறுத்துகிறேன், தட்டாதே. மூச்சை இழுக்காதே. அவள் என் வலது தோளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எல்லாரும் முகத்தைப் பார்த்து நிற்பார்கள், இவள் தோளைத்தான் காவல் காக்கிறாள், எட்டு மாசமாக வீட்டிலும் இதைத்தான் காவல் காத்திருக்கிறாள், நான் சோற்றைப் பிசைகிறபோதும் பேப்பரைப் புரட்டுகிறபோதும் இந்தத் தோளை ஒரு கண் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. எவ்வளவு அலுத்துப்போயிருப்பாள் என் பிள்ளை. இடது காலை அரையடி முன்னே வைக்கிறேன். இப்போது வேண்டாம், அடுத்த தடவை, இப்போது வேண்டாம், இடுப்பு தானாகத் திரும்பிவிட்டது, கை போய்விட்டது, பார், பார், அவள் கண்ணைப் பார். முன்கையில் சுரீர் என்று ஒரு அடி, யாரோ கட்டையால் தட்டியது மாதிரி, என் கை வெளிப்பக்கம் பறந்தது, அதே வேகத்தில் வயிற்றில் ஒன்று, கீழ் விலாவுக்குக் கொஞ்சம் கீழே, மூச்சு மொத்தமும் போய்விட்டது. பாயில் முழங்காலில் நிற்கிறேன். மேலே மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்கிறது.

எழுந்து வாருங்கள், வணக்கம் சொல்லுங்கள், பார்த்ததைச் சொல்லுங்கள் என்கிறாள் மாஸ்டர். இந்த வகுப்பில் இது ஒரு பழக்கம். மோதி முடித்ததும் பார்ட்னரிடம் என்ன பார்த்தோம் என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாராட்டக் கூடாது, மன்னிப்புக் கேட்கக் கூடாது, பார்த்ததை மட்டும். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், என்ன பார்த்தேன் என்று தேடுகிறேன். தோள் ஞாபகம் இருக்கிறது, இடுப்பு திரும்பியது ஞாபகம் இருக்கிறது, அப்புறம் முன்கையில் சுரீர். நடுவில், நடுவில் அவள் முகம், தேடுகிறேன், இல்லை. பார் பார் என்று சொல்லிக்கொண்டே இருந்தேனே. எப்சி பல்லுக்குக் காவலாக வாயில் வைத்திருந்த ரப்பரை எடுத்துத் துடைத்தாள்.

"பார்ட்னர் வலது கை அடிக்கும்போது கண்ண மூடிக்கிடுதாங்க, மாஸ்டர்."

மாஸ்டர் என்னைப் பார்த்தாள். எப்போதுமா, இன்றைக்கு மட்டுமா என்று அவளிடம் கேட்டாள்.

"ரெண்டு தடவ பாத்திருக்கேன்," என்றாள் எப்சி.

ரெண்டு தடவை. என் வலது கை இந்த வகுப்பில் எவர் முகத்துக்கும் போனதில்லை, தோளோடு நின்றுவிடும். ஒன்று இப்போது. இன்னொன்று எது என்று நான் கேட்க வேண்டியதில்லை. நான் எட்டு மாசமாகத் தேடிக்கொண்டிருந்த நொடி தொலையவில்லை, அது அவளிடம்தான் இருந்திருக்கிறது. அன்றைக்கு அவள் கண்ணை மூடவில்லை. கை வந்ததைப் பார்த்திருக்கிறாள், கைக்குப் பின்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிற அப்பனையும் பார்த்திருக்கிறாள். அந்த முகம் எப்படி இருந்திருக்கும், அதைத்தான் மறுபடி பார்க்கக் கூடாது என்று இத்தனை நாளும் மூடிக்கொண்டாளோ என்னவோ. இப்போதும் மூடவில்லை. மூடியிருந்தால் என் கண் மூடியிருந்தது எப்படித் தெரியும். இது எனக்கு இவ்வளவு மெதுவாகத்தான் புரிகிறது, மாஸ்டருக்கு முன்பே புரிந்துவிட்டது போல, அவள் எப்சியைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். சந்தோஷமாக இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது, வயிறு வலிக்கிறது. சார், நீங்க என்ன பாத்தீங்க என்கிறாள்.

"ஒண்ணும் பாக்கல," என்றேன். "அன்னைக்கும் பாக்கல. அண்ணனத்தான் பாத்தேன். நான் செஞ்சது தப்பு, எப்சி."

மாஸ்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இங்கே மன்னிப்புக் கேட்கக் கூடாது சார் என்று விதியைச் சொன்னாள். பக்கத்து ஜோடி நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தது. எப்சி கிளவுஸின் பட்டையைப் பல்லால் இழுத்து இறுக்கிக்கொண்டு பாயில் தொடங்குகிற கோட்டுக்குப் போனாள், போய்த் திரும்பி நின்றாள், ரப்பரை உடனே வாயில் போடவில்லை.

"இன்னொரு தடவ வாங்கப்பா," என்றாள். "கண்ணத் தொறந்துக்கிட்டு வாங்க."

முழங்காலைத் தளர்த்தினேன். குதிகாலைத் தூக்கினேன். கை ரெண்டையும் தாடைக்குக் கொண்டுபோனேன். அவள் இந்தத் தடவை என் தோளைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள், நானும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காலை முன்னே வைத்தேன்.